வாத்து விழாத டிவி

ஓசூரில் தட்டை டிவி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இன்று 'டக் ஹன்ட்' வீடியோ கேம் ஆட முடியாது. கேசட் கிடைக்கும். பெட்டி கிடைக்கும். தேடினால் பிளாஸ்டிக் துப்பாக்கியும் கிடைக்கும். வயரைச் செருகிப் படத்தையும் கொண்டுவந்துவிடலாம். ஆனால் எத்தனை முறை சுட்டாலும் வாத்து விழாது. புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து சிரித்துவிட்டுப் போகும்.

துப்பாக்கியில் பழுதில்லை. அது எதையும் சுடுவதே இல்லை. பார்ப்பது மட்டும்தான் அதன் வேலை. விசையை இழுத்ததும் திரை முழுக்க ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். நம் கண் அதைப் பிடிப்பதற்குள் படம் பழையபடி ஆகிவிடும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் கண்டால் வாத்து செத்தது என்று கணக்கு. இரண்டு வாத்து பறந்தால் இரண்டு கட்டங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. பிக்சர் டியூப் டிவியில் சிக்னல் வரும்போதே கோடு கோடாகப் படம் வரையப்பட்டுவிடும் என்பதால் இது பிசகாமல் நடந்தது. எல்சிடி டிவி அப்படியில்லை. வந்த படத்தை வாங்கி, சீர்செய்து, கொஞ்சம் பொறுத்துத்தான் காட்டும். வெள்ளைக் கட்டம் திரைக்கு வரும் நேரத்தில் துப்பாக்கி பார்ப்பதை நிறுத்தியிருக்கும். 1984-ல் நிண்டெண்டோ செய்த அந்த ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை. அடுத்து வந்த டிவிதான் அதைச் சாகடித்தது.

பழைய வீடியோ கேம்களில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் படத்தைத்தான் பார்க்கிறார்கள். கட்டம் கட்டமாகத் தெரிகிறது, அதனால் பழசு என்கிறார்கள். என் கணக்கு வேறு. ஒரு ஆட்டம் நம் கையிடம் என்ன கேட்டது, வெளியே எந்தப் பொருளை நம்பி நின்றது என்ற இரண்டும்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. வண்டி செய்கிற ஊரில் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். இன்ஜின் நன்றாக இருந்தும் ஸ்பேர் கிடைக்காமல் நின்றுபோன வண்டி உண்டு; எல்லா ஸ்பேரும் கிடைத்தும் யாரும் ஓட்ட ஆசைப்படாத வண்டியும் உண்டு. டக் ஹன்ட் முதல் வகை.

அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் 1980-களிலேயே ஓசூருக்கு வந்துவிட்டன. 90-களில் வளர்ந்த எங்களுக்கு ஊர் என்பது ஷிப்ட் நேரம்தான். நைட் ஷிப்ட் முடித்த அப்பாக்கள் பகலில் தூங்கும் வீடுகளில் டிவி சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு ஆடப் பழகினோம். மரியோவின் இசையை நான் முழுதாகக் கேட்டது வேலைக்குப் போன பிறகுதான்.

தமிழ்நாட்டின் மற்ற ஊர்ப் பையன்களுக்கு டிவி கேம் என்றால் சென்னை பர்மா பஜார். எங்களுக்கு அது பெங்களூர். நாற்பது கிலோமீட்டர், மெஜஸ்டிக்கில் இறங்கினால் பக்கத்திலேயே நேஷனல் மார்க்கெட். ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். மடியில் அட்டைப்பெட்டியோடு பஸ்ஸில் வருகிறவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. பெட்டியின் மேல் மீடியா என்றோ மைக்ரோ ஜீனியஸ் என்றோ பெயர் இருக்கும். உள்ளே இருந்தது நிண்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட ஃபேமிகாமின் நகல். ஜப்பானியப் பிள்ளைகள் ஆடி அலுத்த ஆட்டங்கள் பத்து வருடம் தாமதமாக எங்களுக்குப் புத்தம் புதிதாக வந்தன. கேசட்டில் '9999 இன் 1' என்று அச்சடித்திருப்பார்கள். முதல் இரண்டு மூன்று பக்கங்களைத் தாண்டினால் அதே ஆட்டங்கள் வேறு வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்கும். ஏமாற்றுதான். ஆனாலும் சரிபார்க்கிறேன் என்று 300-வது எண் வரை போய்ப் பார்க்காத பையன் கிடையாது.

இன்னொரு விஷயம் பிற்பாடு தெரிந்தது. ஜப்பான், அமெரிக்க டிவிகள் நொடிக்கு 60 படம் காட்டும் கணக்கில் ஓடின. நம் டிவி 50. ஆட்டத்தின் ஓட்டம் படத்தின் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருந்ததால், நம் டிவிக்கு ஏற்றபடி செய்த நகல் பெட்டிகளில் பெரும்பாலும் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக நடந்தது. நாங்கள் கை பழகிய மரியோ கொஞ்சம் நிதானமானவர். இன்று போனிலோ கம்ப்யூட்டரிலோ அசல் வேகத்தில் ஆடிவிட்டு, வயதாகிவிட்டது, கை ஓடவில்லை என்று நொந்துகொள்ளும் நாற்பது வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லி ஆறுதல் தருவதுண்டு.

மரியோ நின்றது. 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கிலோபைட். தினம் காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு பூங்கொத்துப் படம் அதைவிடப் பெரிது. இடம் போதாமல் மேகத்துக்கு வரைந்த உருவத்தையே பச்சை அடித்துப் புதராக வைத்தார்கள். ஆனால் இடம் போதாத அந்த ஆட்டத்தில் குதிப்பதற்கு மட்டும் கஞ்சத்தனம் காட்டவில்லை. பட்டனை லேசாகத் தட்டினால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் உயரம். ஓடி வந்து குதித்தால் தூரம். அந்தரத்திலும் கொஞ்சம் திரும்பலாம். முதல் ஸ்டேஜின் முதல் சில அடிகளிலேயே எதிரி, கேள்விக்குறிப் பெட்டி, காளான், குழாய் எல்லாவற்றையும் ஒரு எழுத்துகூட இல்லாமல் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். ஆங்கிலம் தெரியாத வீட்டில் அதற்கு எவ்வளவு மதிப்பு என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். இன்றைக்கும் ஒரு குழந்தையின் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும்.

மரியோவைவிட எங்கள் தெருவில் அதிகம் ஓடியது டாங்க் கேம். அதன் பெயர் 'பேட்டில் சிட்டி' என்பதும், 1985-ல் நாம்கோ செய்தது என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது. செங்கல் சுவருக்கு நடுவே ஒரு கழுகுச் சின்னம். அதைக் காக்க வேண்டும். ஒரு ஸ்டேஜுக்கு எதிரி டாங்க் இருபது. செங்கல் உடையும், இரும்பு எளிதில் உடையாது, தண்ணீரில் போக முடியாது, மரத்துக்குள் ஒளியலாம். விதி இவ்வளவே. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து ஆடும்போது விஷயம் வேறாகிவிடும். கூட்டாளியைச் சுட்டால் அவன் சாகமாட்டான். சில நொடி அசைய முடியாமல் நிற்பான். கோபத்தைக் காட்டவும் பழிவாங்கவும் போதுமான நேரம் அது. கூடுதல் லைஃபை எடுக்க ஓடுகிறவன் யார், கழுகுக்குப் பக்கத்தில் காவல் நிற்கிறவன் யார் என்பதில் ஒவ்வொருவரின் குணமும் தெரிந்துவிடும். நம் கழுகை நாமே தவறிச் சுட்டுவிட்டாலும் ஆட்டம் முடிந்தது. எத்தனை சண்டைகள்!

அதில் நாமே ஸ்டேஜ் கட்டிக்கொள்ளும் வசதியும் இருந்தது. கழுகைச் சுற்றி இரும்பாலேயே கோட்டை கட்டி, எதிரி நுழையவே முடியாமல் செய்து, நாமும் ஒரு மூலையில் சலிப்போடு உட்கார்ந்திருப்போம். ஜெயிப்பது உறுதியானால் ஆட்டம் செத்துப்போகும் என்பதை அங்கேதான் படித்தோம். ஒரு ஸ்டேஜ் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பது இன்னொரு பலம். அந்தப் பெட்டிகளில் ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. மரியோவில் எட்டாம் உலகம் வரை போய்க் கரண்ட் போனவன் அழுவான். டாங்க் கேம் ஆடியவன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவான். தமிழ்நாட்டின் மின்வெட்டு வருடங்களைத் தாங்கியது டாங்க்தான்.

'கான்ட்ரா' பாதி நின்றது. முப்பது லைஃப் கிடைக்கும் அந்தப் பட்டன் வரிசை (மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ) தலைமுறையின் கையில் இன்னும் இருக்கிறது. கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ, 'கிராடியஸ்' ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கத் தனக்கு வசதியாக வைத்துக்கொண்டது அது. எடுக்க மறந்து வெளியே வந்துவிட்டது. சுடுவதில் உள்ள விறுவிறுப்பு குறையவில்லை. ஆனால் அருவி ஸ்டேஜில் ஒருவன் மேலே ஏறிவிட்டால் திரையும் மேலே போய்விடும். கீழே நிற்கிறவன் சும்மா சாவான். இதை அப்போது அவன் துரோகம் என்று நினைத்தோம். இப்போது பார்த்தால் செய்தவர்களின் சோம்பேறித்தனம். 'ரோடு ஃபைட்டர்' நிற்கவே இல்லை. பெட்ரோல் தீர்வதற்குள் பல வண்ணக் காரை இடித்து நிரப்பிக்கொண்டு போவதைத் தவிர அதில் வேறொன்றும் கிடையாது. கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டிய நெடுஞ்சாலையில் ஒரு சாயங்காலம் ஓட்டினால் அதைவிட அதிகம் படபடக்கும்.

டிவி கேம் வாங்க முடியாத வீட்டுப் பையன்களுக்கு வீடியோ கேம் கடை இருந்தது. ஒரு ரூபாய் காசு. நின்றபடி ஆட்டம். பின்னால் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் யோசனை சொல்லும் கூட்டம். அங்கே ராஜா 'முஸ்தபா'. கேப்காம் 1993-ல் செய்த 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்ற ஆட்டத்துக்கு, அதில் வரும் முஸ்தபா கெய்ரோ என்ற வீரனின் பெயரையே வைத்து இந்தியா முழுக்கக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் சேர்ந்து ஆடலாம். மார்க் ஷுல்ட்ஸ் வரைந்த காமிக்ஸ் கதை அதன் மூலம். உரிமச் சிக்கலால் அது வீட்டுப் பெட்டிகளுக்கு முறைப்படி வந்ததே இல்லை. இன்று வரை அதைக் காசு கொடுத்து வாங்க வழியில்லை. பழைய ஆர்கேட் பலகைகளைக் கம்ப்யூட்டரில் போலி செய்யும் மேம் போன்ற நிரல்களில்தான் அது உயிரோடு இருக்கிறது.

அப்படி ஆடிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் காசு போட்டதாகக் கணக்கு. எத்தனை முறை செத்தாலும் உடனே எழலாம். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. முடித்ததும் ஒன்றுமே தோன்றவில்லை. படம் இன்னும் அழகு, அடி விழும் சத்தம் இன்னும் கனம். ஆனால் ஆட்டத்தின் பயம் முழுக்கப் பையில் இருந்த கடைசி ஒரு ரூபாயில் இருந்தது. காசைத் தின்னும்படி கட்டப்பட்ட ஆட்டம் காசில்லாமல் சப்பென்று போய்விடுகிறது. முஸ்தபா இன்று கேட்கத்தான் இனிமை, ஆட இல்லை.

இந்த ஆட்டங்கள் தமிழ்நாட்டில் இவ்வளவு நாள் நின்றதற்கு அரசுக்கும் பங்கு உண்டு என்றால் சிரிப்பார்கள். 2006-ல் தி.மு.க. ஆட்சி இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குல பிக்சர் டியூப் டிவி. ஏற்கெனவே டிவி இருந்த வீடுகளில் அது இரண்டாவது டிவி ஆனது. அம்மாவின் சீரியலோடு மோதாமல் டிவி கேம் ஆட ஒரு திரை கிடைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் இருந்த சித்தி வீட்டுப் பையன்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. உலகம் தட்டை டிவிக்கு மாறிக்கொண்டிருந்த வருடங்களில் இங்கே புதிய பிக்சர் டியூப்கள் வீடு வீடாக வந்து இறங்கின. டக் ஹன்ட்டுக்குக் கூடுதலாக இன்னும் சில வருடம் ஆயுள் கிடைத்தது அப்படித்தான்.

2011-ல் அ.தி.மு.க. ஆட்சி பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோதும் இதேதான் நடந்தது. அந்த லேப்டாப்பில் அன்றைய புது கேம்கள் ஓடாது. பத்து வருடப் பழசு நன்றாக ஓடும். 2000-ல் வந்த 'ப்ராஜெக்ட் ஐஜிஐ', 2002-ன் 'வைஸ் சிட்டி', அதற்கும் முந்தைய 'ரோடு ராஷ்' எல்லாம் பாகலூர் ரோட்டு பிரவுசிங் சென்டர்களிலிருந்து பென் டிரைவ் வழியாக வகுப்பறைக்குப் போயின. மற்ற நாடுகளில் அருங்காட்சியகப் பொருளான ஆட்டங்கள் இங்கே பிளஸ் டூ மாணவனுக்குப் புதுசு.

ஆனால் இந்த மூன்றில் இரண்டு காலத்தைத் தாங்கவில்லை. ஐஜிஐ-யில் ஒரு மிஷன் நடுவில் சேமிக்க முடியாது. அரை மணி நேரம் ஊர்ந்து போய்க் கடைசியில் ஒரு குண்டு பட்டால் முதலிலிருந்து. அலாரம் அடித்தால் முகாமிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அப்போது அது கஷ்டமான ஆட்டம் என்று மதித்தோம். அண்மையில் அக்கா மகன் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, "மாமா, இதுல சேவ் எங்க இருக்கு?" என்று கேட்டான். இல்லை என்றதும் மூடிவிட்டான். அவன் செய்ததில் தப்பில்லை.

வைஸ் சிட்டிக்கு நேர்ந்தது இன்னும் சுவாரசியம். நகரம் இன்றும் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது: அந்த இளஞ்சிவப்பு விளக்குகள், கார் ரேடியோ. ஆனால் துப்பாக்கியைக் குறிபார்ப்பதும் கேமராவைத் திருப்புவதும் இன்று கைக்கு வேலைக்காகவில்லை. பொம்மை ஹெலிகாப்டரில் குண்டு வைக்கும் மிஷனை நேர்வழியில் முடித்தவரை நான் பார்த்ததில்லை. ரேடியோ பாட்டுகளில் சிலவற்றைப் பின்னாளில் உரிமம் தீர்ந்து எடுத்துவிட்டார்கள். 2021-ல் மெருகேற்றிய பதிப்பு என்று ஒன்று வந்து, கோளாறுகளால் ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்பே கேட்க வேண்டியிருந்தது. ஒரு தலைமுறையின் புதுமையைக் காட்டவென்றே செய்யப்பட்ட ஆட்டம், அடுத்த புதுமை வந்ததும் நிற்க இடமில்லாமல் போகிறது. ஆரம்பகால முப்பரிமாண ஆட்டங்களில் பெரும்பாலானவற்றின் கதி இதுதான்.

'ரோடு ராஷ்' மட்டும் விதிவிலக்கு. டூவீலர் கம்பெனிப் பிள்ளைகள் என்ற பாசத்தில் சொல்கிறேனோ என்னவோ, ஓடுகிற பைக்கிலிருந்து பக்கத்து பைக்காரனை உதைத்துத் தள்ளும் அந்த அற்ப சந்தோஷம் இன்னும் வேலை செய்கிறது. வளைவுகள் அட்டையில் வரைந்தது போலத் தெரிந்தாலும் பரவாயில்லை.

முழுதாக நின்ற கம்ப்யூட்டர் ஆட்டம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், 1999-ல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. மேலிருந்து சாய்வாகப் பார்த்த மாதிரியான இரு பரிமாணப் படம் என்பதால் அது அசிங்கமாகவே ஆகவில்லை. ஆள் சேர்ப்பது, விறகு வெட்டுவது, தானியம், தங்கம், எப்போது படை எடுப்பது என்ற கணக்கு ஒவ்வொரு முறையும் வேறாக வரும். கம்பெனியில் உற்பத்தித் திட்டம் போடும் நண்பர்கள் இன்னும் ஞாயிற்றுக்கிழமை இதை ஆடுகிறார்கள். முதலில் வந்தபோது இதில் இந்தியர்களே கிடையாது. 2013-ல் 'இந்தியர்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிச் சேர்த்தார்கள். 2022 ஏப்ரலில் அந்த மூட்டையைப் பிரித்தபோது திராவிடர்கள் தனியாக வந்தார்கள்: ராஜேந்திர சோழனின் படையெடுப்புகள், சுருள்வாள் வீசும் வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல். ஆளைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் சொல்கிறான். இருபத்து மூன்று வருடப் பழைய ஆட்டம் ஒன்று தமிழ் பேச ஆரம்பித்தது.

போனில் நாங்கள் ஆடிய முதல் ஆட்டமான பாம்பின் கதை சோகம். நோக்கியா 6110-ல் 1997-ல் அதை வைத்தவர் தனேலி அர்மாண்டோ. 3310-ல் திரை 84-க்கு 48 புள்ளிகள். அதற்குள் ஒரு பாம்பு. விடியற்காலைக் கம்பெனி பஸ்ஸில் இருட்டில் பச்சை வெளிச்சம் பட்ட முகங்களாகத் தெரியும். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை திறந்தபோது நம் ஊர் போன் என்றே ஆனது. 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. பாம்பாட்டம் விதியில் பழுதே இல்லாதது. ஆனால் அது டக் டக் என்று அமுங்கும் நாலு பட்டனை நம்பிப் பிறந்தது. தொடுதிரையில் விரலே பாம்பை மறைக்கிறது. திருப்பியது பதிந்ததா என்று கைக்குத் தெரிவதில்லை. பழைய பட்டன் போனில் ஆடுங்கள், அருமை. ஸ்மார்ட்போனில் வேண்டாம்.

அந்த ஸ்மார்ட்போனின் உடம்பு இன்று எங்கள் மாவட்டத்தில் உருவாகிறது. ஓசூரை ஒட்டிய டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் வெளிப்புற உறைகள் தயாராகின்றன. வட மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் ஷிப்ட் முடிந்து ரூமில் படுத்தபடி போனில் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடுகிறார்கள். ஜார்க்கண்டிலிருக்கும் தம்பியோடு ஒரே அணியில். பக்கத்தில் உட்கார்ந்து தோளை இடித்துக்கொண்டு ஆடிய நாங்கள் இதைக் குறை சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். எண்ணூறு மைல் தாண்டித் தம்பியோடு ஆடும் வசதி எங்களுக்கு இருந்திருந்தால் நாங்களும் விட்டிருக்கமாட்டோம்.

வருத்தம் வேறு இடத்தில். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. அக்டோபர் இறுதியில் சர்வர் நிறுத்தப்பட்டதும் ஆட்டம் இந்தியாவில் இல்லாமலே போனது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று வந்தது, மறு ஜூலையில் ஆப் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது, 2023 மே மாதம் திரும்பியது. அது நல்ல ஆட்டமா, காலம் தாங்குமா என்ற கேள்விக்கே இடமில்லை. சர்வரை நிறுத்தும் நாளில் அதன் கேசட்டைப் பரணில் எடுத்து வைக்க யாராலும் முடியாது. முப்பது வருடம் கழித்து இந்த மாதிரிக் கட்டுரை எழுத நினைக்கும் இன்றைய பையனுக்கு ஆடிப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

எனவே பழைய ஆட்டம் ஏதாவது ஆட ஆசைப்படுகிறவர்களுக்கு என் சிபாரிசு: டாங்க் கேமில் ஆரம்பியுங்கள், கட்டாயம் இரண்டு பேராக. பிறகு மரியோ. நேரம் நிறைய இருந்தால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், திராவிடர்களை எடுத்துக்கொண்டு. ஐஜிஐ-யைத் திறக்காதீர்கள், அதை நன்றாக இருந்ததாகவே நினைத்துக்கொண்டிருப்பது நல்லது.